மிதமானது மழையா, வெப்பமா?

'டெம்பரேட் ரெயின்ஃபாரஸ்ட்' என்பதற்கு 'மிதமான மழைக்காடு' என்று எழுதுவதை எப்போதுதான் நிறுத்தப் போகிறார்களோ! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹோ காட்டுக்குப் போக வழிசொல்லும் குறிப்புகளில் இது ஓயாமல் வருகிறது.

மூலம் எளிது. லத்தீனில் 'டெம்பெராரே' என்றால் அளவாகக் கலத்தல். 'மழைக்காடு' என்பது, ஜெர்மன் தாவரவியலாளர் ஷிம்பரின் 1898ஆம் ஆண்டு நூலால் பரவிய 'ரேகன்வால்ட்' என்பதன் நேர்ப்பெயர்ப்பு. அளவாக இருப்பது வெப்பம், மழையல்ல.

சிக்கல் இங்கேதான். தமிழில் பெயரடை தனக்கு அடுத்து நிற்பதைப் பற்றிக்கொள்ளும். அதிலும் 'மிதமான மழை' வானிலை அறிக்கையால் நம் காதில் ஊறிய தொடர்: ஒரு நாளில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் அந்தப் பெயர். ஆகவே 'மிதமான மழைக்காடு' என்று படிப்பவர், அளவாகத் தூறும் காடு என்றே எண்ணுவார். ஹோவில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. பெய்கிறது, சென்னை மழையைப் போல இரண்டரை மடங்கு. நவம்பரில் மடக்குக்குடையோடு போய் நிற்பவர் முழங்காலுக்குக் கீழே நனைந்துதான் திரும்புவார். தலைமூடி வைத்த மழைச்சட்டையும் நீர்புகாத காலணியும் வேண்டும். ஓரளவு காய்ந்திருப்பது ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பாடு, காலையிலேயே போய்விட வேண்டும்.

'மித வெப்பமண்டல மழைக்காடு' என்று இடம்விட்டு எழுதுவது இன்னொரு வம்பு. அந்த இடைவெளி, வெப்பமண்டலத்தையே கொஞ்சம் மிதமாக்கிக் காட்டுகிறது. 'குளிர் மழைக்காடு' என்பார் சிலர். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காலத்திலும் உறைபனி அவ்வளவாக இல்லாத இடத்துக்கு அது மிகை. 'சோலை' என்பது காதுக்கு இனிமைதான். 1968இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளுக்குச் செய்த வகைப்பாடு, நம் மலைச்சோலைகளை ஈர மிதவெப்பக் காட்டில் சேர்த்ததும் உண்மை. ஆனால் சோலை என்றால் புல்வெளி மடிப்பில் ஒடுங்கிய, அகன்ற இலையுள்ள குட்டை மரங்கள். ஹோவிலோ 60 மீட்டரைத் தாண்டும் ஊசியிலை மரங்கள். நீலகிரியின் சொல் நீலகிரியிலேயே இருக்கட்டும்.

பாடநூலில் ஏற்கெனவே 'மிதவெப்ப மண்டலம்' இருக்கிறது. அதிலிருந்து 'மிதவெப்ப மழைக்காடு', 'மிதவெப்ப' என்பதைச் சேர்த்தெழுதி. 'மிதம்' வடசொல்தானே என்பார்க்கு: தனித்தமிழில் தெளிவாக ஒன்று தாருங்கள், ஏற்கலாம். தெளிவைக் கெடுத்துத் தூய்மை வேண்டாம்.

இதே குறிப்புகளில் மேப்பிள் கிளைகளில் தொங்கும் பச்சைத் தாடிகளை 'ஒட்டுண்ணி' என்று எழுதுவதையும் விடுவதற்கில்லை. ஒட்டுண்ணி மரத்திடமிருந்து உணவை உறிஞ்சும். இவை கிளையைப் பற்றிக்கொண்டு, மழையும் காற்றும் தருவதில் வாழ்பவை: தொற்றுத் தாவரங்கள். விழுந்து மக்கும் அடிமரத்தின்மேல் நாற்றுகள் வரிசையாக முளைக்கின்றனவே, அந்தக் கட்டைக்கும் 'நர்ஸ் மரம்' என்கிறார்கள். செவிலித்தாய் நம் இலக்கியத்தில் இருக்கையில் 'செவிலி மரம்' என்று எழுதக் கை ஏன் வராது?