பிணைத்தொகையைக் குறைக்கச் சொல்லும் முன்

கல்குவாரி, சோலார் பூங்கா, குப்பைக் கிடங்கு என்று எதற்கு நிலப் பயன்பாட்டு அனுமதி கொடுத்தாலும், எல்லாம் முடிந்த பிறகு அந்த இடத்தை யார் சீர்படுத்துவது என்ற கேள்வி வந்தே தீரும். நிறுவனம் செய்யாமல் போனால் உள்ளாட்சியே செய்துகொள்ள முன்கூட்டியே வாங்கி வைக்கும் உத்தரவாதம்தான் நிதிப் பிணை. சீரமைப்புச் செலவு மதிப்பீடுகளைச் சரிபார்ப்பது என் தொழில். மன்றக் கூட்டங்களில் இதுபற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் சுற்றுவதைப் பார்க்கிறேன்: "இவ்வளவு கேட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?"

நியாயமான கவலைதான். ஆனால் தொகையை முடிவு செய்ய வேண்டியது விண்ணப்பதாரரின் வசதி அல்ல. நிறுவனம் கைவிட்டுப் போன பிறகு வெளி ஒப்பந்ததாரர் ஒருவரைக் கூப்பிட்டால் அவர் எவ்வளவு கேட்பார் என்பதுதான் கணக்கு. நிறுவனம் தரும் மதிப்பீட்டில் இயந்திரமும் ஆட்களும் ஏற்கெனவே அங்கே இருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். வெளி ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். டெண்டர், மேற்பார்வைச் செலவு உள்ளாட்சியின் தலையில் விழும்.

சோலார் திட்டங்களில் இன்னொரு வாதம் வரும். பழைய இரும்பு, செம்பு, பேனல்களை விற்றால் பணம் வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நான் இதை ஏற்கச் சொல்வதில்லை. நிறுவனம் திவாலானால் அந்தப் பொருட்கள் மீது முதல் உரிமை பெரும்பாலும் கடன் கொடுத்த வங்கிக்குத்தான். உள்ளாட்சிக்கு மிஞ்சுவது பிரித்தெடுக்கும் வேலை மட்டும்.

தொகை சரியாக அமைந்தாலும் அது அப்படியே நிற்காது. அமெரிக்காவில் அரசு நிலத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு குத்தகைக்கான குறைந்தபட்சப் பிணை 1960இல் 10,000 டாலர் என்று வைக்கப்பட்டது. 2024இல்தான் விதியைத் திருத்தி 1,50,000 டாலர் ஆக்கினார்கள். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே 20 ஆண்டில் செலவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும்.

தொகையைவிட நான் அதிகம் பயப்படுவது உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்தைப் பார்த்துத்தான். மன்றத்தில் அதை யாரும் வாசிப்பதே இல்லை. அனுமதி 20 ஆண்டுக்கு இருக்கும், பிணையாகத் தரும் வங்கி உத்தரவாதம் சில ஆண்டுகளில் காலாவதியாகும். அதற்குள் கோரிக்கை வைக்காவிட்டால் அது வெறும் காகிதம். "காலாவதிக்கு இத்தனை நாள் முன்பு புதுப்பிக்காவிட்டால், அந்தக் காரணத்துக்காகவே முழுத் தொகையையும் கோரலாம்" என்ற வரி கட்டாயம் வேண்டும். அப்புறம், கேட்டவுடன் வங்கி பணம் தர வேண்டுமா, அல்லது நிறுவனம் தவறியதை முதலில் நிரூபிக்க வேண்டுமா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் வழக்கு முடியும்வரை பள்ளம் அப்படியே கிடக்கும். நிறுவனம் கைமாறும்போதும் கவனம் தேவை: புதியவர் பிணை கட்டும்வரை பழையவருடையதை விடுவிக்கக் கூடாது.

பிணை போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சம்மிட்வில் தங்கச் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் 1992 டிசம்பரில் திவாலாகி வெளியேறியது. சயனைடு கலந்த நீர் அங்கேயே தேங்கி நின்றது. கட்டியிருந்த பிணை எந்த மூலைக்கும் போதவில்லை. துப்புரவுச் செலவு 15 கோடி டாலரைத் தாண்டியது, பெரும்பகுதி பொதுப்பணம்.

சரி, சிறிய விண்ணப்பதாரர் என்ன செய்வார்? அவருக்காக மொத்தத் தொகையில் கைவைக்க வேண்டாம். இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, திறந்திருக்கும் பகுதிக்கு மட்டும் பிணை வாங்கலாம். அதைச் சீர்படுத்திக் காட்டிய பிறகு அடுத்த பகுதிக்கு அனுமதி. வேலையும் ஒழுங்காக நடக்கும், முடங்கும் பணமும் குறையும். மன்றங்கள் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பக்கத்து நில உரிமையாளர்களும் பொதுவிசாரணையில் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பயனாளி என்ற இடத்தில் உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதா, காலாவதித் தேதி எது, அந்தத் தேதியைக் கண்காணிக்கும் அலுவலர் யார் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.