பனி எறங்கல, சூடுதான் ஏறுது

காலைல அஞ்சரைக்கு டெண்ட் ஜிப்ப தொறந்து பாத்தா சைக்கிள் பாதி நனைஞ்சும் பாதி காஞ்சும் நிக்குது. சீட்டு, கேரியர், பின் மட்கார்டு எல்லாத்துலயும் முத்து முத்தா தண்ணி. ஹேண்டில்பார், பெல் மூடி, முன் சக்கரம் எல்லாம் துணி வெச்சு தொடச்ச மாதிரி சுத்தமா காஞ்சு கெடக்கு. ராத்திரி ஒரு தூறல் கூட கெடையாது, வானம் பூரா நட்சத்திரம்தான். முன் பாதி முந்திரி மரத்துக்கு அடியில இருந்துச்சு, பின் பாதி வெளில நீட்டிட்டு இருந்துச்சு, வித்தியாசம் அவ்ளோதான்.

தை மாசம் இது. முந்தின நாள் மஞ்சக்குப்பத்துல இருந்து தனியா கெளம்பி, நெல்லிக்குப்பம் கிட்ட கரும்பு லாரிங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பண்ருட்டி தாண்டி காடாம்புலியூர் பக்கம் செம்மண் வண்டிப்பாதைல உள்ள பூந்துட்டேன். ரெண்டு பக்கமும் முந்திரிக் காடு, பூ வெச்ச வாசனை, மணல்ல சக்கரம் பொதையற எடத்துல எல்லாம் எறங்கி தள்ளிக்கிட்டே போனேன். ஃபிரண்டோட சித்தப்பா கொல்லைல டெண்ட் போட்டுக்க சொன்னாரு. "மரத்தடியில போடு தம்பி, பனி எறங்கும்"னு சொல்லிட்டுதான் போனாரு, நான் கேக்கல, ஏன்னா அந்த மரம் பூரா முசுறு, அதான் கடிக்கற செவப்பு எறும்பு. ஒரு தடவ கடி வாங்குனவனுக்குத்தான் தெரியும். அதனால டெண்ட்ட வெட்டவெளில போட்டுட்டு சைக்கிள மட்டும் மரத்துல சாத்தி வெச்சேன்.

விடிஞ்சதும் சித்தப்பா வந்து சைக்கிள பாத்துட்டு "பாத்தியா, மரம் தடுத்துடுச்சு"ன்னாரு. எனக்கு பனி மேலருந்து விழறதில்லன்னு தெரியும், ஆனா அந்த பாதி சைக்கிள வெச்சு அவர்ட்ட வாதாட முடியாது, ஏன்னா விழுந்திருந்தாலும் இதே மாதிரிதான் நனைஞ்சிருக்கும். தை பனி தரையைத் துளைக்கும், மாசி பனி மச்சைத் துளைக்கும்னு பழமொழியே அவர் கட்சி.

இந்த வழக்க தீத்து வெச்சவரு லண்டன்ல இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ்னு ஒரு டாக்டரு. 1814-ல இத எழுதினாரு. பத்து கிரெயின் எடையுள்ள கம்பளிப் பஞ்சு (முக்கால் கிராம் கூட வராது) எடுத்து ராத்திரி புல்தரைல வெச்சுட்டு காலைல எடை போடுவாரு, எடை எவ்ளோ கூடிருக்கோ அவ்ளோ பனி. அதுல ஒரு சோதனை ரொம்ப அழகு. சுட்ட மண்ணுல செஞ்ச ரெண்டரை அடி உயரக் குழாய நிமித்தி வெச்சு அதுக்குள்ள ஒரு பஞ்சு, வெளில ஒரு பஞ்சு. குழாய்க்கு மேல மூடி இல்ல, காத்தும் இல்ல, அதனால மேலருந்து எது விழுந்தாலும் ரெண்டுலயும் ஒரே அளவுதான் விழணும். காலைல பாத்தா வெளில இருந்த பஞ்சுல 16 கிரெயின் தண்ணி, குழாய்க்குள்ள ரெண்டு கிரெயினுக்கு கொஞ்சம் மேல. அப்போ விழறது எதுவும் இல்ல. குழாய் மறைச்சது வானத்த. பஞ்சு எவ்ளோ வானத்த பாக்குதோ அவ்ளோ நனையுது.

ஏன்னா, சூடு உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்பு கதிரா சூட்ட வெளில விட்டுட்டே இருக்கும், நீங்க, நான், சைக்கிள் சீட்டு எல்லாமே. பகல்ல வெயில் அத ஈடுகட்டிடும். ராத்திரி மேகமில்லாத வானத்துல இருந்து திரும்பி வர்றது கம்மி, குறிப்பா 8-ல இருந்து 13 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் அலைநீளம் உள்ள கதிருங்கள காத்து பெருசா தடுக்காம விண்வெளிக்கே விட்டுடும். மரத்தடியில இருந்தா மேல இருக்கற இலைங்க கிட்டத்தட்ட காத்தோட சூட்டுலயே இருக்கும், நீங்க அனுப்பற சூட்டுக்கு ஈடா திருப்பி அனுப்பும். என் சீட்டு வானத்த பாத்துச்சு, ஹேண்டில்பார் எலைய பாத்துச்சு, விஷயம் அதான்.

இப்படி சூட்ட தொலைக்கற பொருள் சுத்தி இருக்கற காத்த விட சில டிகிரி கூட குளிர்ந்துடும். வடக்க ஒரு காலத்துல இத வெச்சே ஐஸ் எடுத்தாங்க: ஆழமில்லாத மண் தட்டுல தண்ணி ஊத்தி, தரைச்சூடு ஏறாம வைக்கோல் மேல வெச்சு, குளிர்கால ராத்திரில திறந்த வெளில விட்டுடுவாங்க. அலகாபாத்ல இப்படி செய்யறத ராபர்ட் பார்க்கர்னு ஒருத்தர் 1775-லயே எழுதிருக்காரு.

நம்ம ஊர்ல ஐஸ் வராது, ஆனா ஈரம் தாராளமா இருக்கே. 30 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து 30 கிராம் வரைக்கும் நீராவி வெச்சுக்கும், 20 டிகிரில 17 கிராம்தான். கடல் காத்து பகல்லயே முக்கால்வாசி நிறைஞ்சுதான் வருது, அதனால சீட்டு கொஞ்சம் குளிர்ந்தாலே அத தொடற காத்தால தாங்க முடியாம தண்ணியா விட்டுடும். தரை பெருசா நனையாததுக்கு காரணம் கீழ பகல் சூடு சேந்திருக்கு. டெண்ட் துணிக்கு அப்படி சேமிப்பே கெடையாது, காகிதம் மாதிரி மெல்லிசு, மொதல்ல குளிர்றதே அதான்.

டெண்ட்டோட உள்பக்கமும் நனைஞ்சிருந்துச்சு, அதுக்கு குத்தவாளி நான்தான். ஒரு ராத்திரில மூச்சுல மட்டும் டீக்கடை கிளாஸ் ஒண்ணுக்கு மேல தண்ணி வெளில போகும், வேர்வை தனி. டெண்ட்டுக்குள்ள ரெண்டரை கன மீட்டர் காத்து இருந்தா, 20 டிகிரில அதால மொத்தமே 40 கிராம் சொச்சம்தான் புடிக்க முடியும், மிச்சம் எல்லாம் துணில போய் ஒட்டிக்கும். கொசுவுக்கு பயந்து ஜன்னல் துணிய வேற இழுத்து மூடிருந்தேன், சுத்த முட்டாள்தனம். வலைய மட்டும் மூடிட்டு துணிய தொறந்து விட்டிருந்தா மூச்சு ஈரம் பாதி வெளில போயிருக்கும், சும்மா லேசா காத்து அடிச்சாலே துணிக்கு கொஞ்சம் சூடும் கெடைக்கும்.

சித்தப்பாகிட்ட மண் குழாய் கதைய சொன்னேன். பொறுமையா கேட்டாரு. "சூடு மேல போவுதுன்னா அதையும் மரம்தானே தடுக்குது, அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு?"ன்னாரு. பதில் இல்ல. ரெண்டாவது ராத்திரி முசுறு இல்லாத ஒரு பலா மரமா பாத்து காட்டுனாரு, டெண்ட் மேல் துணி காலைல வரைக்கும் காஞ்சே இருந்துச்சு, உள்ள லேசா பிசுபிசுப்பு மட்டும்தான். சைக்கிள் செயின்லதான் மொத ராத்திரி ஈரத்துக்கு அதுக்குள்ள செம்பட்டையா துரு புடிச்சிருச்சு.