பொந்து விழுந்த இலுப்பை ஏன் சாகவில்லை?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விடியுமுன் குன்றக்குடியில் கிளம்பி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று கண்மாய்க் கரைகளைப் பிடித்து நடந்து, பொழுது சாயும் நேரத்தில் ஓர் ஐயனார் கோயில் இலுப்பையைப் பார்த்தார்களாம். அடிமரத்தில் நாலு பேர் உட்காரும் பொந்து. மேலே பச்சைப்பசேலென்று இலை. “உள்ளே ஒன்றுமே இல்லையே, எப்படி உயிரோடு இருக்கிறது? ஆயிரம் வருஷ மரம் என்கிறார்களே, நிஜமா?”

முதல் கேள்விக்குப் பாதி விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நீர் மேலேறுவதும் சர்க்கரை கீழிறங்குவதும் பட்டையை ஒட்டிய பகுதியில்தான். நடுவிலுள்ள வைரம் செத்த மரம். செட்டிநாட்டு வீட்டு வளவில் நிற்கிற பர்மா தேக்குத் தூண் அந்த வைரம்தான். காட்டில் நின்றபோதே அதில் உயிர் கிடையாது. அது போனதால் மரம் பட்டினி கிடக்காது.

எனக்குப் பிடித்தது மீதிப் பாதி. நடுவைத் தின்று தீர்த்த பூஞ்சை, வெளிப்புறத்தை ஏன் விட்டுவைத்தது?

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தவர். 1977-இல் அவர் முன்வைத்த விளக்கம் இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சிறை வைக்கிறது. கிளை ஒடிந்ததும் அதைச் சுற்றி நான்கு தடுப்புகள் எழும். முதலாவது மேலும் கீழும். நீர்க்குழாயை ஒட்டிய உயிர்ச்செல்கள், குழாய்ச் சுவரின் நுண்துளை வழியே குமிழ் குமிழாகப் பிதுங்கி உள்ளே வந்து அடைத்துக்கொள்ளும். சில மரங்கள் பிசினை ஊற்றி அடைக்கும். இரண்டாவது உள்நோக்கிய தடுப்பு, மூன்றாவது பக்கவாட்டில். இந்த மூன்றையும் பூஞ்சை காலப்போக்கில் உடைத்துவிடலாம். இருப்பதில் முதலாவதுதான் பலவீனம். அதனால்தான் அழுகல் மேலும் கீழுமாக ஓடுகிறது.

நான்காவதுதான் கெட்டி. காயத்துக்குப் பிறகு பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் ஒரு தனிச் சுவரைக் கட்டிவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. பழைய மரம் முழுவதும் பூஞ்சைக்குப் போனாலும் புதியதை அது எளிதில் தொட முடியாது. இதில் ஒரு ரசமான விளைவு உண்டு: அந்தச் சுவர் உடையாதவரை, பொந்தின் அகலம் காயம் பட்ட நாளில் மரம் இருந்த பருமனைத் தாண்டாது. நாலு பேர் உட்காரும் பொந்து என்றால், அடிபட்டபோதே அது பெரிய மரம். பிற்பாடு இன்னொரு காயம் சுவரைத் துளைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

காற்றுக்கு எப்படி நிற்கிறது? வளைவைத் தாங்குவதில் வெளிவிளிம்புக்குத்தான் பெரும் பங்கு. சைக்கிள் சட்டத்தின் குழாய் மாதிரி. அடிமரத்தின் விட்டத்தில் பாதி அளவுக்குச் சுற்றிலும் மூடிய பொந்து இருந்தால் பலத்தில் சுமார் 6 சதவீதம்தான் குறையும். முக்கால் அளவு என்றால் 32. ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

பொந்தைக் கண்டதும் சிமெண்ட் போட்டு அடைக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ‘சுத்தம்’ செய்கிறேன் என்று உளியால் சுரண்டும்போதே மரம் கட்டிய சுவர் உடைகிறது. மரம் ஆடும், கான்கிரீட் ஆடாது, இடையில் ஈரம் தங்கும். உள்ளே கற்பூரம் கொளுத்துவதும் அதே ரகம். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால்தான் இம்மரங்கள் மிஞ்சின, அந்தப் பயத்துக்கு நன்றி. அதற்காகத் தொட்டில் கட்ட ஆணி அடிக்கலாமா?

ஆயிரம் வருஷம்? வயதைச் சொல்லவேண்டிய மிகப் பழைய மரம் நடுவில்தான் இருந்தது. அதைப் பூஞ்சை தின்றுவிட்டது. மிச்சமுள்ள மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினால் ‘இத்தனை ஆண்டுக்குக் குறையாது’ என்பதோடு நின்றுவிடும். அதற்குப் பணம் செலவழிப்பதைவிட, ஒலியலை செலுத்தி உள் அழுகலைப் படம்பிடிக்கும் கருவி மாவட்டத்துக்கு ஒன்று வாங்குவது மேல் என்பது என் கட்சி. எந்த மரம் விழும், எது விழாது என்று ஓரளவு தெரிந்தால், சாலையோரப் புளியமரங்களைச் சந்தேகத்தின் பேரிலேயே வெட்டித் தள்ளவேண்டியதில்லை.