ஜெரிமாண்டர்: கெரியோட பேர் எப்படி இதுல மாட்டுச்சு

அமெரிக்க எலெக்ஷன் நியூஸ்ல ஜெரிமாண்டரிங்னு (ஒரு கட்சி தனக்கு சாதகமா தொகுதி எல்லையை வரைஞ்சுக்கிறது) அடிக்கடி வருதுல்ல, அந்த வார்த்தையில பாதி ஒரு மனுஷன் பேருங்க. எல்பிரிட்ஜ் கெரி, 1744-ல மாசசூசெட்ஸ்ல மார்பிள்ஹெட்ங்கிற துறைமுக ஊர்ல பிறந்தவர், குடும்பத்துக்கு கருவாட்டை கப்பல்ல ஏத்தி அனுப்புற வியாபாரம். சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவரு, 1787-ல அரசியல் சாசனத்துக்கு மட்டும் போட மாட்டேன்னு நின்னுட்டார்.

1810-ல மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆனார். 1812 பிப்ரவரியில அவரோட கட்சி மாநில செனட் தொகுதிகளை தனக்குத் தோதா வெட்டி ஒட்டி ஒரு மசோதா கொண்டுவந்துச்சு, அது அவருக்கே பிடிக்கலேன்னு பின்னாடி மருமகன் எழுதி வச்சிருக்கார், பிடிக்காமத்தான் கையெழுத்துப் போட்டாராக்கும்! அதுல எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு தொகுதி கோணல்மாணலா வளைஞ்சு கிடந்துச்சு, எதிர்க்கட்சி ஃபெடரலிஸ்ட் ஆளுங்க சும்மா விடுவாங்களா, அந்த மேப்புக்கு இறக்கை, நகம், பல்லு எல்லாம் வரைஞ்சு, சாலமாண்டர்னு ஒரு பிராணி இருக்கே (பாக்க பல்லி, வகையில தவளைக்கு உறவு), அது வாலை கெரி பேர்ல ஒட்டி 'கெரி-மாண்டர்'னு மார்ச் 26 பாஸ்டன் கெஜட் பத்திரிகையில போட்டுட்டாங்க. உச்சரிப்பு அப்புறம் ஜெ-வா மாறிடுச்சு, பாவம் பேரும் ஒழுங்கா நிக்கல.

அந்த வருஷ ஆளுநர் எலெக்ஷன்ல கெரி தோத்துட்டார், ஆனா மேப் தோக்கல. செனட்டுக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா ஓட்டு விழுந்தும் 40 சீட்ல 29 அவர் கட்சிக்கு. எதிராளி ஓட்டை சில தொகுதியில மொத்தமா அடைச்சு, மத்த இடத்துல சிதறவிட்டா போதும், கள்ள ஓட்டே வேணாம். கெரி 1813-ல துணை ஜனாதிபதி ஆகி, மறு வருஷமே பதவியில இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

தமிழ்ல என்ன சொல்றது? 'தொகுதி மறுவரையறை' தப்பு, அது நேர்மையா செய்யுற வேலைக்கும் பேரு. 'தொகுதி மோசடி'யும் ஒட்டல, ஏன்னா இது சட்டம் போட்டே செஞ்சது. எனக்குப் பிடிச்சது 'தொகுதி வளைப்பு'. கோடு வளையுறதும் அதுல இருக்கு, ஊரான் நிலத்தை வளைச்சுப் போட்டான்னு சொல்றோமே அதுவும் இருக்கு. வினைச்சொல்லாவும் ஓடும்: தொகுதியை வளைச்சுட்டாங்க.