மென்பொருளுக்கு முன் பொருட்பட்டியல்

நிறுவனங்களில் ஈஆர்பி எனப்படும் ஒருங்கிணைந்த வளத் திட்டமிடல் அமைப்பை நிறுவித் தருவது என் தொழில். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கிடங்கில் ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன?

கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய பிரிவுகள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் பதிவதே இந்த அமைப்பின் சாரம். சரக்கு வரவு பதிவானதும் இருப்பின் மதிப்பு கணக்கில் ஏறிவிடும். சப்ளையரின் பில்லைக் கொள்முதல் ஆணையோடும் வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டு, மூன்றும் பொருந்திய பிறகே பணம் கொடுக்கப்படும். ஆனால் எக்செல் காலத்தில் ஒரு மேசையோடு நின்றுவிட்ட பிழை, இப்போது எல்லாப் பிரிவுகளுக்கும் அதே வேகத்தில் போய்ச் சேரும்.

நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் கம்பியைக் கிலோவில் வாங்கி, மீட்டரில் உற்பத்திக்குக் கொடுத்து வந்தார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்ற அளவு, பொருளின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் மாஸ்டர் பதிவில் தவறாக ஏறியிருந்தது. 1960களில் உருவான எம்ஆர்பி எனப்படும் பொருள் தேவைத் திட்டமிடல் கணக்கீடுதான் இன்றும் ஈஆர்பியின் அடித்தளம். அது தேவையிலிருந்து கையிருப்பையும் வரவேண்டிய சரக்கையும் கழித்து, மீதியை மட்டுமே வாங்கச் சொல்லும். திரையில் கையிருப்பு மிகுதியாகத் தெரிந்ததால் அது எதையும் வாங்கச் சொல்லவில்லை. கிடங்கிலோ கம்பி தீர்ந்து இயந்திரம் நின்றது. சரியான கணக்கு கிடங்குப் பொறுப்பாளரின் பழைய நோட்டில் மட்டுமே இருந்தது. அந்த நோட்டை ஒழிப்பதும் எங்கள் திட்டத்தின் குறிக்கோள்களில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொடங்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, 1999 ஜூலையில், பண்டிகைக்கால ஆர்டர்கள் வரத் தொடங்கும் வேளையில், புதிய அமைப்புக்கு மாறியது. சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப இயலவில்லை.

எனவே விற்பனை மந்தமான மாதத்தில், இருப்பை நேரில் எண்ணி, ஒரே பொருளுக்கான இரட்டைக் குறியீடுகளை நீக்கி, கிலோவை மீட்டராக்குவது போன்ற அளவு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய பொருட்குறியீடு உருவாக்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பலரிடம் இருந்தால் ஆறு மாதத்தில் பட்டியல் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அந்தத் தொழிற்சாலையில் அந்த உரிமையை நோட்டு வைத்திருந்தவரிடமே ஒப்படைத்தோம்.