டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு: ரத்த முடிவும் தீராத அசதியும்

கீழக்கரையிலிருந்து பாம்பன் வரையுள்ள கரையோர ஊர்களில் ஒரு பெண் உடம்பு பெருத்து, முடி கொட்டி, எந்நேரமும் அசதியாக இருந்தால், "தைராய்டாக இருக்கும், ரத்தம் கொடுத்துப் பார்" என்று பக்கத்து வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். இந்த அளவுக்கு விழிப்பு வந்திருப்பது நல்லதுதான். குழப்பம் முடிவுத் தாள் கைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. டி.எஸ்.எச். என்ற வரிக்கு நேரே 11.2 என்ற எண்ணும், அளவு மிகுந்திருப்பதைக் காட்டும் 'ஹெச்' என்ற எழுத்தும் இருக்கின்றன. மருத்துவரோ தைராய்டு குறைவாக இருக்கிறது என்கிறார். தாள் கூடுதல் என்கிறது, மருத்துவர் குறைவு என்கிறார், இதில் எதை நம்புவது என்று கேட்பவர்கள் பலர். இரண்டும் உண்மைதான். அது எப்படி என்பது விளங்கிவிட்டால் முடிவுத் தாளில் பாதி விளங்கிவிடும்.

முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்னும் தைராக்சினையும், சிறிதளவு டி3-ஐயும் சுரக்கிறது. டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. கல்லீரல், சிறுநீரகம், தசை முதலிய இடங்களில் உள்ள நொதிகள் அவற்றில் ஒன்றைக் கழற்றி டி3 ஆக மாற்றுகின்றன. உடலிலுள்ள டி3-இல் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாறு சுரப்பிக்கு வெளியிலேயே உண்டாகிறது. இதயத் துடிப்பின் வேகம், உடற்சூடு, குடலின் அசைவு, தோலின் ஈரப்பதம் ஆகியவற்றை நடத்துவது இந்த டி3. ஆனால் டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. கயிறு தொய்ந்தால் குரல் கொடுப்பவர் உரக்கக் கூவுவார். வலை சீராக ஏறினால் அவர் குரல் தணியும். தாளில் உள்ள 11.2 அந்தக் கூவல். சுரப்பி தளர்ந்ததால் ஏவல் கூடியிருக்கிறது.

அந்தக் குரல் மிகவும் கூர்மையானது. ரத்தத்தில் தனித்து உலவும் டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு உயரக்கூடும். ஆகவேதான் டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் நிற்கும்போதே டி.எஸ்.எச். மட்டும் எல்லை தாண்டிவிடுகிறது. பெரும்பாலான ஆய்வகங்கள் லிட்டருக்கு 0.4 முதல் 4.0 அல்லது 4.5 மில்லி யூனிட் வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. நலமாக இருக்கும் மக்களில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் அளவை வைத்து வகுத்த எல்லை அது. ஒவ்வொருவருக்கும் உரிய எல்லை அதைவிடக் குறுகியது. டென்மார்க்கில் நலமான 16 ஆண்களின் ரத்தத்தை ஓராண்டு மாதந்தோறும் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தனியொருவரின் ஏற்ற இறக்கம் மக்கள்தொகைக்கு வகுத்த எல்லையின் அகலத்தில் ஏறக்குறைய பாதியே இருந்தது. ஒருவருக்கு 1.2 இயல்பாக இருக்க, இன்னொருவருக்கு 3.1 இயல்பாக இருக்கலாம். நேரமும் முக்கியம். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து, பிற்பகலில் தாழ்கிறது. விடியலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடுவது சரியாகாது.

எல்லையைச் சற்றே தாண்டிய எண்ணுக்கெல்லாம் மாத்திரை தேவைப்படுவதில்லை. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கூடியவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அசதி குறையவில்லை. கர்ப்பிணிகள், கருத்தரிக்க விரும்புவோர், டி.எஸ்.எச். 10-க்கு மேல் உள்ளவர்கள் ஆகியோரின் நிலை வேறு.

நான் மிகவும் கவலைப்படுவது இதற்கு நேர்மாறான முடிவைப் பற்றி: டி4 குறைவாக இருந்தும் டி.எஸ்.எச். இயல்பாகவோ தாழ்ந்தோ நிற்பது. கயிறு தொய்ந்து கிடக்கிறது, குரல் கொடுப்பவரோ வாயடைத்து நிற்கிறார். பழுது தைராய்டில் இல்லை, பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் சோதித்திருந்தால் "தைராய்டு நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிரசவத்தின்போது ரத்தம் பெருமளவு போன பெண்ணுக்குப் பிட்யூட்டரி ரத்த ஓட்டமின்றிக் கருகிவிடுவது உண்டு. அவருக்குத் தாய்ப்பால் சுரக்காது, மாதவிடாய் திரும்ப வராது, ஆண்டுக்கணக்கில் அசதி நீடிக்கும். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களிடமும் இதே சுரப்பி பழுதாவது மியான்மரிலும் தென்னிந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. பனங்காடும் கருவேலங்காடும் சூழ்ந்த நம் மாவட்டத்தில் அது தொலைதூரச் செய்தியன்று. பிரசவத்தில் ரத்தப்போக்கு நேர்ந்ததையோ பாம்பு கடித்ததையோ, பல ஆண்டுகள் கழிந்திருந்தாலும், மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இத்தகையவர்களுக்கு முதலில், பிட்யூட்டரியின் ஏவலால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலின் அளவைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருப்பதை அறியாமல் தைராக்சினைத் தொடங்கினால் இருக்கும் கார்ட்டிசாலும் விரைவில் கரைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாக் குறைவும் நோயாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடும் காய்ச்சலிலோ, அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ, நெடுநாள் பட்டினியிலோ உடல் தன் செலவைச் சுருக்குவதற்காக டி3-ஐத் தானே குறைத்துக்கொள்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் எடுத்த ரத்தத்தில் டி3 தாழ்ந்திருந்தால், உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிப்பதே முறை. மேலும், ரத்தத்திலுள்ள டி4-இல் 99 விழுக்காட்டுக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதம் குறைந்தால் மொத்த டி4-உம் குறைந்ததாகத் தெரியும். தனித்து உலவும் 'ஃப்ரீ டி4' மட்டும் சரியாகவே இருக்கும். முடி வளர்வதற்காக விற்கும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகத் தாழ்த்திக் காட்டுவதும் உண்டு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறையாது, உப்பே இங்குதானே விளைகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கினாலும் 10 கிராம் உப்பில் கிடைப்பது சுமார் 17 மைக்ரோகிராம். உண்மையில் அவ்வளவும் தங்குவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். வாலிநோக்கத்துப் பாத்தியில் வாரிய கல்லுப்பு, அயோடின் சேர்க்காத வரையில், அந்தத் தேவையைத் தீர்க்காது. கடல்மீன் உண்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கிறது. 2018–19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் குறைந்திருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனாலும் இன்று தைராய்டு தளர்வதற்கு அடிக்கடி காணும் காரணம், ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்த, நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியை அரிக்கும் நோய்தான். அதற்கு அயோடினைக் கூட்டி உண்பது மருந்தாகாது. கடற்பாசிப் பொடியும் மாத்திரையும் அளவுக்கு மிஞ்சிய அயோடினைத் தந்து, தளர்ந்த சுரப்பியை மேலும் முடக்கிவிடக்கூடும்.

இனி, மாத்திரை போட்டும் தீராத அசதிக்கு வருவோம். மண்டபம் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். தைராய்டு தளர்ந்ததால் அவருக்கு மாதவிடாயில் ரத்தம் மிகுதியாகப் போகிறது. அதனால் ரத்தசோகை வருகிறது. சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். விடியலில் வேலைக்குப் போகும் அவசரத்தில் அவர் தைராக்சினையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கி, உடனே தேநீர் குடிக்கிறார். குடலில் இரும்பு தைராக்சினைப் பற்றிக்கொள்வதால் அது ரத்தத்தில் ஏறுவது குறைகிறது. டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். அசதியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து மற்றவை, இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு என்று மாற்றினாலே கதை மாறும். ரமலான் நோன்பு வைப்பவர்கள் சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவோ, இரவு கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ போடலாம். வெப்பமும் ஈரமும் இந்த மாத்திரையைக் கெடுக்கும். ஆகையால் புட்டியை அடுப்படியிலும் சன்னல் திட்டிலும் வைக்கக் கூடாது.

எதை மாற்றினாலும் மறுசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். ரத்தத்திலுள்ள டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாளாகும். புதிய அளவு நிலைகொள்ள ஐந்தாறு வாரங்களும், பிட்யூட்டரி அதற்கேற்பத் தணிய இன்னும் சிறிது காலமும் பிடிக்கின்றன. பத்து நாளில் சோதித்து மருந்து பலிக்கவில்லை என்பது அவசர முடிவு.

இவையெல்லாம் சரியாக இருந்து டி.எஸ்.எச். எல்லைக்குள் வந்த பின்னரும், சிகிச்சை பெறுவோரில் 5 முதல் 10 விழுக்காட்டினர் அசதியும் மறதியும் தீரவில்லை என்கிறார்கள். அதை மனப்பிரமை என்று தள்ளுவது அநியாயம். ரத்தசோகை, பி12 குறைவு, நீரிழிவு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் இதே அசதியைத் தரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேட வேண்டும். எதுவும் அகப்படவில்லையென்றால் டி3 சேர்ப்பது பற்றிய பேச்சு வருகிறது. 1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அதற்கு நம்பிக்கை தந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் சராசரியில் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை. டி3 மாத்திரை சில மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சிக்கு ஏறி, ஒரு நாளில் பாதியாகிவிடும், படபடப்பு வரலாம், வயிற்றுப் பிள்ளையின் மூளை தாயின் டி4-ஐயே நம்பியிருப்பதால் கர்ப்ப காலத்தில் அது உகந்ததன்று. இத்தனையும் தெரிந்த பின்னும் விரும்புபவர்களுக்கு, அகச்சுரப்பியியல் மருத்துவர் சிலர் மூன்று முதல் ஆறு மாதம் வரை அளவறிந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் தெரியாவிட்டால் அதை நிறுத்திவிட்டுத் தைராக்சினை மட்டும் தொடர்கிறார்கள்.