டு ப்ளெஸ்ஸி: இந்தப் பேருக்குத் தமிழ்ல பட்டியார்

சிஎஸ்கே மேட்ச் பார்த்தவங்க எல்லாருக்கும் ஃபாஃப் டு ப்ளெஸ்ஸியத் தெரியும், 2021 ஃபைனல்ல துபாய்ல 59 பந்துல 86 அடிச்சாரே அவர்தான். ஆனா அந்தப் பேர நம்ம ஆளுங்க எழுதுற விதத்தப் பாத்தா டுப்ளெசிஸ், டூ பிளஸ்ஸிஸ், டுபிளசிஸ்னு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஸ்பெல்லிங்ல கடைசியா ஒரு எஸ் இருக்குல்ல, அத யாரும் உச்சரிக்கக் கூடாது, ஃப்ரெஞ்சுல அது ஊமை எழுத்து, தென்னாப்பிரிக்காவிலயும் அத அப்படியே ஊமையாத்தான் வெச்சிருக்காங்க. அதனால தமிழ்ல டு ப்ளெஸ்ஸின்னு எழுதுறதுதான் சரி.

உச்சரிப்ப விடுங்க, பேருக்கு அர்த்தம் என்னன்னு தேடிப் போனப்ப எனக்கு நேரா எங்க அப்பாரு தோட்டத்துக் கிளுவை வேலிதான் கண்ணுக்கு வந்துச்சு.

'டு'ங்கறது ஃப்ரெஞ்சுல 'த'ங்கிற சொல்லும் 'ல'ங்கிற சொல்லும் சேர்ந்து வர்றது, 'அந்த இடத்த சேர்ந்த'னு அர்த்தம். 'ப்ளெஸ்ஸி'ங்கறது பழைய ஃப்ரெஞ்சுச் சொல்லு, அதுக்கு அடி லத்தீன்ல 'ப்ளெக்தெரெ', அதாவது பின்னுறது, முடையறது. நாம கூடை முடையறது ஓலை முடையறதுன்னு சொல்றோமே அதே வேலைதான். இதே வேர்லருந்து வந்ததுதான் டாக்டருங்க நரம்புப் பின்னலுக்குச் சொல்ற ப்ளெக்ஸஸ், நாம தினமும் சொல்ற ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல இருக்கற காம்ப்ளெக்ஸும் அங்கருந்து வந்ததுதான். ஆக ப்ளெஸ்ஸின்னா பின்னின வேலி, அப்புறம் அந்த வேலிக்குள்ள அடைச்ச இடம்.

பின்னின வேலின்னா காஞ்ச முள்ள வெட்டிப் போட்டு வைக்கிறது இல்ல, உசிரோட இருக்கற செடியப் பின்னுறது. ஹாதார்ன் மாதிரி முள்ளுச் செடிய வரிசையா நட்டு ஆள் உசரம் வளர விட்டு, குளிர்காலத்துல இலை உதிர்ந்தப்புறம் அடித்தண்டுல அரிவாளச் சாய்ச்சு ஒரு போடு போடுவாங்க, முழுசா வெட்ட மாட்டாங்க, பட்டையும் கொஞ்சூண்டு மரமும் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கற மாதிரி விடுவாங்க, அப்புறம் தண்ட மெதுவா ஒரு பக்கமா மடக்கிப் படுக்க வெச்சு, நடுவுல நட்ட குச்சிங்களுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கோத்து விடுவாங்க. அந்த ஒட்டிக்கிட்டு இருக்கற பட்டை வழியா சாறு ஏறி தண்டு சாகாம படுத்த வாக்குலயே இருக்கும், வெட்டின இடத்துலருந்து புதுசா தளிர் மேல கெளம்பும், ரெண்டு வருசத்துல ஆடு என்ன நாய் கூட நுழைய முடியாத சுவரா ஆயிடும். ஃப்ரான்ஸ் கிராமத்துல இன்னமும் இந்த வேலையச் செய்யறவங்க இருக்காங்க, அதுக்குப் பேரு ப்ளெஸாஜ், அதே சொல்லுதான்.

எங்க காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்குப் போடற கிளுவை வேலியப் பாத்தவங்களுக்கு இது அப்படியே புரியும். கிளுவைக் குச்சிய மழைக்கு முன்னாடி நெருக்கி ஊனி விட்டா போதும், துளுத்துக்கும். எங்கியாவது சந்து விழுந்துச்சுன்னா அப்பாரு பக்கத்துக் கிளைய வளைச்சு உள்ள சொருகி கத்தாழை நாருல ஒரு கட்டுக் கட்டுவாரு, வெட்டிப் போட்டா ஒரு வருசம், வளைச்சு விட்டா உன் பேரன் காலம் வரைக்கும்டா கண்ணுன்னு சொல்லுவாரு. வேளாண்மைக்காரங்க இப்ப இதுக்கு உயிர்வேலின்னு ஒரு அருமையான சொல்லு வெச்சிருக்காங்க. வேலிய மட்டும் சொல்லணும்னா ப்ளெஸ்ஸிக்கு உயிர்வேலிங்கறது சரியான சொல்லு.

ஆனா குடும்பப் பேருல இருக்கறது வேலி மட்டும் இல்ல, இடம். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? வேலியூர்னு சிலபேரு சொல்லலாம், அது வலிஞ்சு உண்டாக்கின சொல்லு, யாரு வாயிலயும் வராது. படப்பைன்னு ஒரு பழைய சொல்லு இருக்கு, வீட்டுக் கொல்லை, அடைச்ச தோட்டம்னு அர்த்தம், தாம்பரத்துக்கு அந்தாண்ட அந்தப் பேருல ஊரே இருக்கு, அழகான சொல்லு ஆனா இன்னிக்கு பேச்சுல அர்த்தம் செத்துப் போச்சு. எனக்குப் பொருத்தமாத் தெரியறது பட்டிதான். பட்டின்னா மொதல்ல ஆடு மாட்ட அடைக்கற அடைப்பு, அப்புறம் அந்த அடைப்பச் சுத்தி ஆளுங்க குடியேறின சிற்றூரு, ஆண்டிப்பட்டி உசிலம்பட்டின்னு எத்தன ஊரு இருக்கு. ப்ளெஸ்ஸியும் அச்சு அசலா இதே பாதையிலதான் போயிருக்கு, மொதல்ல வேலி, அப்புறம் வேலி போட்ட காடு, அப்புறம் அதுக்குள்ள ஒரு பெரிய வீடு, கடைசில ஊரு. பாரிஸ் பக்கத்துல ல ப்ளெஸ்ஸி ரோபன்சோன்னு ஊரு இருக்கு, தூர் நகரத்த ஒட்டி ப்ளெஸ்ஸி அரண்மனை இருக்கு, 11-ம் லூயி ராஜா 1483-ல செத்தது அங்கதான். வட ஃப்ரான்ஸ்லயும் மேற்குலயும் இந்தப் பேருல ஊரும் பண்ணையும் நிறைய உண்டு, நம்ம பட்டி மாதிரியே. அதனால டு ப்ளெஸ்ஸின்னா பட்டிய சேர்ந்தவரு, பட்டியார்.

இந்தப் பேருல ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு, ஃப்ரான்ஸ்ல டு ப்ளெஸ்ஸிங்க எல்லாரும் ஒரே வம்சம் கெடையாது. எத்தன ப்ளெஸ்ஸி ஊரு இருந்துச்சோ அத்தன ஊர்லருந்தும் தனித்தனியா இந்தப் பேரு வந்திருக்கு, நம்மூர்ல ரெண்டு பேருக்கு ஊர்ப்பேரு ஒண்ணா இருந்தா அவங்க சொந்தம்னு ஆயிடாதுல்ல அந்த மாதிரி. 'டு' தனியா நின்னா பிரபு குடும்பம்னு சிலர் நினைக்கறாங்க, அதுவும் தப்பு, ஊர விட்டு வந்த வைத்தியனுக்கும் அதே 'டு'தான். பாருங்க, ஃப்ரான்ஸ் ராஜாவோட பெரிய மந்திரி கார்டினல் ரிஷெலியூன்னு வரலாறுல படிச்சிருப்போம், அவரோட சொந்தப் பேரு அர்மான் ழான் டு ப்ளெஸ்ஸி, மேற்கு ஃப்ரான்ஸ்ல புவாத்து பகுதிக் குடும்பம், 1627-28ல புரோட்டஸ்டன்ட் ஊரான லா ரொஷேல முற்றுகை போட்டு கடலுக்குள்ளயே தடுப்பணை கட்டி ஊரப் பட்டினி போட்டு அடக்கினவரு. அதுக்கு ஒரு தலைமுறை முன்னாடி அதே புரோட்டஸ்டன்ட் பக்கத்துக்குத் தூணா இருந்தவரு டு ப்ளெஸ்ஸி மோர்னே, அவருக்கு அந்தப் பேரு வந்தது அவரோட நிலத்துப் பேருலருந்து. பேரு ஒண்ணு, ஆளுங்க நேர் எதிர் பக்கம்.

இப்ப கிரிக்கெட்காரரு பேரு எப்படி ஆப்பிரிக்கா போச்சுங்கற கதை. 1598-ல 4-ம் ஹென்றி ராஜா நாந்த் ஆணைன்னு ஒண்ணு போட்டு புரோட்டஸ்டன்ட்டுங்களுக்கு வழிபாட்டு உரிமை குடுத்தாரு, இவங்களத்தான் ஹியூகநாட்டுங்கன்னு சொல்றது. பேரன் 14-ம் லூயி அத 1685 அக்டோபர்ல ரத்து பண்ணிட்டாரு. அதுக்கு முன்னாடியே 1681-லருந்து புவாத்து பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்கள தங்க வெச்சு, மதம் மாறுற வரைக்கும் அவங்க தின்னு தீக்கட்டும்னு விட்டாங்க. கோயில இடிச்சாங்க, நாட்ட விட்டுப் போகவும் கூடாதுன்னு சட்டம், மாட்டினா ஆம்பளைங்களுக்குக் கப்பல்ல துடுப்பு வலிக்கற தண்டனை. அப்படியும் ஏறக்குறைய ரெண்டு லட்சம் பேரு ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டிப் போனாங்க, ஹாலந்து, இங்கிலாந்து, ஜெர்மன் நாடுங்க, சுவிஸ்னு.

ஹாலந்து போனவங்கள்ல கொஞ்சம் பேர டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தென்னாப்பிரிக்காவுல இருக்கற நன்னம்பிக்கை முனைக்கு, சுருக்கமா கேப்னு சொல்ற இடத்துக்கு அனுப்புச்சு. கப்பல் கூலி கெடையாது, ஆனா விசுவாசப் பிரமாணம் பண்ணணும், அஞ்சு வருசமாவது அங்கயே இருக்கணும். அப்படி 1688-ல ஊஸ்டர்லாண்டுங்கற கப்பல்ல வந்தவருதான் ழான் ப்ரியர் டு ப்ளெஸ்ஸி, புவாத்தியே ஊர்க்காரரு, அறுவை வைத்தியரு, பொண்டாட்டி மதலேனோட வந்தாரு, வர்ற வழியிலயே நடுக்கடல்ல புள்ளை பொறந்துச்சு. மாசக்கணக்கா ஆடுற கப்பல்ல, உப்புக் கறியும் பூச்சி வெச்ச ரொட்டியும் தின்னுக்கிட்டு, திரும்பிப் போக முடியாத ஊர நெனச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு புள்ளை பெத்தத நெனச்சாலே எனக்கு மனசு என்னமோ பண்ணுது. தென்னாப்பிரிக்கா டு ப்ளெஸ்ஸிங்களுக்கு மூதாதைன்னு சொல்றது இந்த ழான் ப்ரியரத்தான், நடுவுல இருக்கற ப்ரியர்ங்கற பேர அந்த வம்சத்துல இன்னமும் புள்ளைங்களுக்கு முதல் பேரா வைக்கறாங்க. அவங்கள ஏத்திட்டு வந்த ஊஸ்டர்லாண்ட் கப்பல் 1697-ல கேப் டவுன் விரிகுடாவுலயே புயல்ல மூழ்கிப் போச்சு.

மொத்தமே ஏறக்குறைய 200 பேருதான் அங்க போனது. ட்ராகன்ஸ்டைன், அப்புறம் ஃப்ரான்ஸ்ஹூக், அதாவது ஃப்ரெஞ்சு மூலை, அங்கெல்லாம் நிலம் குடுத்தாங்க, ஆனா கவர்னர் சிமோன் வான் டெர் ஸ்டெல் ஃப்ரெஞ்சுக்காரங்கள ஒரே இடத்துல சேர விடாம டச்சுக் குடும்பங்களுக்கு நடுவுல நடுவுலதான் நிலம் ஒதுக்கினாரு. 1701-ல புள்ளைங்களுக்கு டச்சுலதான் பாடம்னு உத்தரவு வந்துச்சு. ரெண்டு தலைமுறைதான், ஃப்ரெஞ்சு பேச்சு அங்க முடிஞ்சு போச்சு. மொழி போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுச்சு. அதுலயும் எத்தனையோ பேரு உருமாறிடுச்சு, க்ரோனியே க்ரோன்யே ஆச்சு, வில்லியோன் ஃபில்யூன் ஆச்சு, பினார் பீனார் ஆச்சு, லாபுஷேனுக்கு தென்னாப்பிரிக்காவுல ஒரு உச்சரிப்பு ஆஸ்திரேலியாவுல இன்னொண்ணு. டு ப்ளெஸ்ஸி, டி வில்லியர்ஸ், டு டாய் மாதிரி சிலது எழுத்து மாறாம வந்திருக்கு. ஃபாஃபோட முழுப் பேரு ஃப்ரான்ஸ்வா, முன்னூறு வருசம் கழிச்சு ப்ரிட்டோரியாவுல பொறந்த பையனுக்கு வீட்டுல ஆஃப்ரிகான்ஸ் பேசிக்கிட்டு ஃப்ரெஞ்சுப் பேரு வெச்சிருக்காங்க.

இங்க ஒண்ணச் சொல்லாம போனா நான் பாதி வரலாறுதான் சொன்னதா ஆகும். இப்படிக் குடியேறினவங்க கேப்ல போட்ட திராட்சைத் தோட்டத்துல வேலை செஞ்சதுல அடிமைங்க நிறைய பேரு, மடகாஸ்கர்லருந்தும் இந்தியாவுலருந்தும் இலங்கையிலருந்தும் கம்பெனி கப்பல்லயே கொண்டு போனவங்க. அவங்களுக்கு எஜமானங்க ஒரு கிறிஸ்தவப் பேரோ பைபிள் பேரோ மாசத்துப் பேரோ வெச்சு, பின்னாடி வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமண்டல்னு எழுதினாங்க. 'வான்'னாலும் 'டு'ன்னாலும் அர்த்தம் ஒண்ணுதான், அந்த இடத்துலருந்து வந்தவரு. ஒருத்தருக்கு அது தாத்தன் நிலத்தோட பேரு, பேரனுக்குப் பேரன் வரைக்கும் போகும். இன்னொருத்தருக்கு அது பிடிச்சு ஏத்தின கரையோட பேரு, அவங்க அம்மா அப்பா வெச்ச சொந்தப் பேரு பெரும்பாலும் எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. கோரமண்டல்னா நம்ம சோழமண்டலக் கரைதான். சர்நேம் வரலாறு படிக்கறப்ப மூதாதைய தேடற ஆசை எல்லாருக்கும் வரும், அந்தத் தேடல் கரையோட நின்னு போற குடும்பங்களும் அதே ஊர்லதான் இருக்கு.

கனடாவுக்குப் போன கிளைகள்ல ட்யூப்ளெஸ்ஸின்னு சேர்த்தே எழுதுவாங்க, க்யூபெக் மாநிலத்த 1936-39லயும் அப்புறம் 1944-லருந்து 1959 வரைக்கும் ஆண்ட மொரீஸ் ட்யூப்ளெஸ்ஸி பேரு அங்க எல்லாருக்கும் தெரியும். ஃப்ரான்ஸ்லயே இருந்தவங்கள்ல ஓவியர் ஜோசப் ட்யூப்ளெஸ்ஸி, பெஞ்சமின் ஃப்ராங்க்ளினப் பாத்து அவரு வரைஞ்ச படத்த வெச்சுத்தான் அமெரிக்கா 100 டாலர் நோட்டுல முகம் போட்டிருக்கு.

கடைசியா நம்மூரு. பாண்டிச்சேரி கவர்னர் துப்ளெக்ஸ், 1742-லருந்து 1754 வரைக்கும் இருந்தவரு, ஆனந்தரங்கப் பிள்ளை யாருக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தாரோ அவரு. துப்ளெக்ஸ்ங்கறதுல இருக்கற 'ப்ளெக்ஸ்' நம்ம ப்ளெஸ்ஸியோட உடன்பொறப்பு, ஃப்ரான்ஸோட நடுப்பகுதில ப்ளே, ப்ளெக்ஸ்னு சொல்ற அதே பின்னின வேலி, அதே லத்தீன் வேர். ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு நான் சொல்லல, சொல்லு ஒண்ணு. அந்தக் காலத்துல பாண்டிச்சேரி ஊரச் சுத்தி கோட்டைச் சுவருக்கு வெளிய வயக்காட்டுப் பக்கமா மைல் கணக்கா ஒரு முள்வேலி இருந்துச்சு, கத்தாழையும் சப்பாத்திக் கள்ளியும் முள்ளு மரமும் நெருக்கி வளர்த்த எல்லை வேலி, நடுவுல நடுவுல சின்னச் சின்னக் காவல் கோட்டைங்க. 1748-ல பாஸ்கவன் தலைமையில இங்கிலீஷ்காரங்க வந்து முற்றுகை போட்டப்ப உள்ள இருந்து ஊரக் காப்பாத்தினது துப்ளெக்ஸ்தான். 1760-ல இங்கிலீஷ் தளபதி அயர் கூட் வந்தப்ப துப்ளெக்ஸ் ஃப்ரான்ஸ் திரும்பிப் போயி ஆறு வருசம் ஆயிருந்துச்சு, கூட் படை மொதல்ல அந்த வேலியத்தான் புடிச்சுது, அது போனதும் வெளிய இருந்து அரிசி பருப்பு வர வழி அடைஞ்சுது, 1761 ஜனவரில ஊரு விழுந்துச்சு.

வேலி இன்னிக்கு இல்ல. துப்ளெக்ஸ் சிலை கடற்கரைச் சாலையோட தெக்குக் கோடில நிக்குது. பாண்டி கடைவீதில நாம துணி எடுக்கப் போற நேரு வீதிக்கு ஃப்ரெஞ்சுக்காரங்க காலத்துல ரூ துப்ளெக்ஸ்னு பேரு, தமிழ்ல மாத்தி எழுதினா பட்டியார் வீதி.